இரட்டைப் பாவனை

புத்தூர்,
20.10.2024

மச்சான் சுதாகரனுக்கு,

உதயகலா எழுதுவது. கடிதத்தைக் கண்டு பயப்படவேண்டாம், ஒருவரும் சாகவில்லை. உம்முடைய மாமா, அதாவது என் ஐயா, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகச் சண்டை பிடித்துக்கொண்டு இருக்கிறார். வைபரில் உம்மை நான் தடுத்து வைத்திருப்பதால் தபால்தான் வழி. ஏன் தடுத்தேன் என்று உமக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் கோபம் ஆறும்.

நான் என்ன கேட்டேன்? உங்கள் கம்பனி விற்கிற ஃபிறீஸ் ட்றையர் ஒன்று, பழையதென்றாலும் பரவாயில்லை, எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். பழத்தை உறையவைத்து, அதிலிருக்கும் தண்ணீரை ஆவியாகவே இழுத்தெடுக்கிற பெட்டி. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அதற்குள் வைத்தால் நிறமும் மணமும் போகாமல் ஒரு வருஷம் கிடக்கும். அதற்கு நீர், ரொறன்ரோவில் இருக்கும் உம்முடைய அம்மா பத்மாவதி மாமி தொடங்கிச் சிட்னிவரை குடும்பமே பார்த்திருக்க, வைபர் குழுவில் "உயிரியல் ஆயுதம் செய்யிற நோக்கம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டீர். பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம்கூடப் போடவில்லை. பத்மாவதி மாமி உடனே என்னை அழைத்து, "பிள்ளை, உனக்கேன் உந்த வேலை?" என்று அழத் தொடங்கிவிட்டா.

எனக்கு இது பகிடி இல்லை. இந்த வருஷம் மாம்பழமெல்லாம் ஒரே நேரத்தில் பழுத்து, சந்தையில் கேட்பாரற்றுக் கிடந்தது. மாடுகூட மணந்து பார்த்துவிட்டுப் போனது. நானும் யோசப்பினும் சேர்ந்து பழம் உலர்த்தும் நிலையம் தொடங்கியிருக்கிறோம். யோசப்பின் என்னோடு படித்தவள், கொழும்பில் பிஸ்கட் கம்பனி வேலையை இதற்காக விட்டுவிட்டு வந்தவள். அடுத்த மாம்பழக் காலத்தில் நல்ல சாமான் காட்டினால் எடுக்கிறேன் என்று ஏற்றுமதிக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். காட்டாவிட்டால் அவர் வேறு ஆள் பார்ப்பார், யோசப்பின் பிஸ்கட்டுக்குத் திரும்புவாள், நான் மாட்டோடு சேர்ந்து மாம்பழத்தை மணந்து பார்ப்பேன்.

எங்கள் வீட்டுப் படிக்கட்டை மறந்திருக்கமாட்டீர். எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாயை அரசாங்கம் மறித்தபோது ஐயா மிளகாய்த் தோட்டம் செய்து கட்டிய வீடு. மேல்மாடிக்குப் படி கட்டி முடிய, எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், மிளகாய் விலை விழுந்தது. படி நிற்கிறது, மாடி இல்லை. பிறகு இரண்டாயிரத்து இருபதில் டொலர் இல்லையென்று திரும்ப மூடினார்கள். மஞ்சள்கூட வராத அந்தக் காலத்தில்தான் எனக்கு முதன்முதல் இந்த மெசின் ஆசை வந்தது. இப்போது எங்கள் பக்கக் கதவு திறந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் நீர் நின்று பூட்டுகிறீர்.

அரசாங்கக் கேள்வி கேட்பதென்றால் அரசாங்க முறையில் கடிதம் போட்டுக் கேளும்.

உதயகலா


எசன், ஜேர்மனி,
9.11.2024

மச்சாள் உதயகலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிப்புப் படம் போடாததற்குக் காரணம், அது பகிடியாகக் கேட்ட கேள்வி இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

எங்கள் கம்பனியில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் இருக்கிறேன். சட்டத்தில் 'இரட்டைப் பாவனைப் பொருள்' என்று ஒன்று இருக்கிறது. நல்லதற்கும் பாவிக்கலாம், கெட்டதற்கும் பாவிக்கலாம். மாம்பழத்தைக் கெடாமல் உலர்த்துகிற பெட்டி நோய்க்கிருமியையும் கெடாமல் உலர்த்தும். ஒரு குறித்த அளவுக்கு மேல் பெரிதாக இருந்து, உள்ளேயே நீராவியால் கிருமி நீக்கக்கூடியதாகவும் இருந்தால் அது பட்டியலில் விழும். உமக்குக் கட்டுப்படியாகிற பழைய மெசின், ஒரு மருந்துக் கம்பனி கழித்துவிட்ட ஒன்று. அதில் நீராவிக் குழாய் இருக்கிறது.

இந்தப் பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மேற்கு நாடுகள் கூடி, கிழக்குப் பக்கத்துக்கு இன்னின்ன சாமான் போகக்கூடாது என்று எழுதிவைத்தன. அப்போது கேள்வி ஒன்றுதான், நீ எந்தப் பக்கம்? எண்பதுகளில், சும்மா வியாபாரமாக வாங்கிப்போன இரசாயனத்தில் நச்சுவாயு செய்து சனத்தைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு கேள்வி மாறியது, இதை வைத்து என்ன செய்வாய்? பேர்லின் மதில் விழுந்ததும் பழைய ஏற்பாட்டைக் கலைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். இப்போது ஆட்களை வேவு பார்க்கிற கணினிச் சாமான்களும் சேர்ந்துவிட்டன. எவனோ எங்கேயோ ஒரு அநியாயம் செய்ய, பட்டியலில் ஒரு வரி கூடும். நான் அந்த வரிகளை வாசிக்கிற ஆள், எழுதுகிற ஆள் இல்லை.

படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் மனேச்சருக்கு மையால் போட்ட கையெழுத்துத்தான் வேண்டும், ஆகையால் தபாலிலேயே அனுப்பும். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் எழுதும். சுருக்கமாக என்பதை இரண்டு தரம் வாசிக்கவும்.

வைபரில் தடுப்பை எடுத்தால் இதையெல்லாம் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கதைத்து முடிக்கலாம்.

சுதாகரன்


புத்தூர்,
2.12.2024

மச்சான்,

தடுப்பை எடுக்கமாட்டேன். கதைக்கும்போது இல்லாத மரியாதை உமக்கு எழுத்தில் இருக்கிறது.

படிவம் நிரப்பிவிட்டேன். பெயர், முகவரி, என்ன தொழில் எல்லாம் சுருக்கமாகத்தான். ஆயுதம் செய்யமாட்டேன் என்ற இடத்தில் ஐயாவைச் சாட்சிக்கு வைத்துக் கையெழுத்திட்டேன். அவர், "கத்தி தீட்டவே தெரியாதவளிட்டை கேக்கிற கேள்வியைப் பார்" என்றார்.

ஆனால் ஏழாம் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 'இந்த மெசினை வேறெதற்கும் பாவிக்கமுடியுமா? விபரிக்கவும்.' மாம்பழக் காலம் கொஞ்ச நாள்தான். மிச்ச நாளெல்லாம் மெசின் சும்மா நின்றால் ஊர் சிரிக்காதா? இப்படியொரு ஊதாரிக்கா மெசினைக் கொடுக்கிறோம் என்று உங்கள் வெள்ளைக்காரர் நினைத்துவிடக்கூடாதே. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து யோசித்தோம். முருங்கையிலை, பலாச்சுளை, வேப்பம்பூ என்று நான் எழுதினேன். கணவாய் மீன் என்றாள் யோசப்பின். சித்த வைத்தியரின் வேர்களும் இருக்கின்றனவே என்றார் ஐயா.

அப்போதுதான் மிருக வைத்தியர் அடைக்கலநாதன் மாடு பார்க்க வந்தார். கரண்ட் நின்றால் கோழிக்குப் போடுகிற தடுப்பூசி பழுதாகிவிடுகிறதாம், இப்படி ஒரு மெசின் இருந்தால் எவ்வளவு உதவி என்றார். நல்ல காரியம் அல்லவா? ஊசி என்று மட்டும் எழுதினால் விளங்காது என்று, அதற்குள் என்ன இருக்கிறதென அவரிடமே கேட்டு விபரமாக எழுதினேன். 'கோழி வருத்தத்துக்கான உயிருள்ள கிருமிகளை உலர்த்திச் சேமித்தல்.' இங்கிலீசு யோசப்பினுடையது, பிழை இராது.

பெட்டி போதாமல் தனித் தாள் ஒன்று இணைத்திருக்கிறேன். இதைப் பார்த்தால் உடனே அனுப்பிவிடுவார்கள்.

உதயகலா


எசன்,
8.1.2025

மச்சாள்,

விசரோ உமக்கு?

நான் நத்தார், புதுவருஷ லீவில் நின்றேன். உம்முடைய கட்டு வந்திருக்கிறது. என்னோடு வேலை செய்கிற பிள்ளை, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, அதைத் தாள் தாளாகப் பிரதி எடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்து அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். 'உயிருள்ள கிருமிகளை உலர்த்திச் சேமித்தல்.' மச்சாள், இந்தச் சட்டம் உண்டானதே அந்த ஒரு வேலையை மறிக்கத்தான். உலகத்தில் கெட்டவன் எவனும் அதைத் தானாக எழுதிக் கையெழுத்திட்டு, தனித் தாள் இணைத்து அனுப்பியதில்லை.

மனேச்சர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இவர் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் உம்முடைய தனித் தாளை எடுத்து இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தார்.

இப்போது அந்த அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அடைக்கலநாதன் என்பவர் யார், எந்தப் படையோடும் தொடர்புடையவரா? சித்த வைத்தியர் எந்த ஆய்வுகூடம் வைத்திருக்கிறார்? எத்தனை வகைக் கிருமி? பதில் போய், அவர்கள் முடிவு சொல்லும்வரை விண்ணப்பம் நிற்கும். ஏழாம் கேள்விக்கு 'இல்லை' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒரே ஒரு சொல்!

சுதாகரன்


புத்தூர்,
2.2.2025

சுதாகரனுக்கு,

மச்சான் என்று எழுதவில்லை, கவனித்திருப்பீர்.

விசரோ என்று கேட்டீர். ஓம், விசர்தான். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக்கு இன்னின்ன சாமான் போகக்கூடாது என்று அரசாங்கம் எங்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தது. நீர் தொண்ணூற்றைந்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டீர், அதுவரை உமக்கும் தெரியும். பற்றறி வரக்கூடாது, அதில் குண்டு வெடிக்குமாம். யூரியா வரக்கூடாது, அதுவும் குண்டு. சீமெந்து வந்தால் பதுங்குகுழி. ஒவ்வொரு சாமானுக்கும் கெட்ட பாவனை ஒன்றை எவனோ கண்டுபிடித்து வைத்திருந்தான். நல்ல பாவனையை நாங்கள் கண்டுபிடித்தோம். ஜாம் போத்தலில் விளக்கெரித்தோம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவில் றேடியோ கேட்டோம், நீர்தான் பெடலைச் சுற்றினீர், நான் செய்தி கேட்டேன். ஒரு சாமானை ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருந்த வீடு அந்த நாளில் இருட்டில் கிடந்தது.

அப்படி வளர்ந்தவளிடம் வேறெதற்கும் பாவிக்கலாமா என்று கேட்டுவிட்டு, 'இல்லை' என்று எழுதச் சொல்கிறீர். அது பொய்.

உங்கள் பட்டியல் அநியாயக்காரனை மறிக்கத்தான் என்று எழுதியிருந்தீர். நம்புகிறேன். ஆனால் சோதனைச் சாவடியில் சாமானோடு நிற்கிறவளுக்கு எல்லாப் பட்டியலும் ஒரே மாதிரித்தான் தெரியும். உம்முடைய கடிதத்தைக் கிணற்றடியில் வைத்து வாசித்துவிட்டு அழுதேன், மச்சான். பார்த்தீரா, எழுதிவிட்டேன். மை காய்ந்துவிட்டது, இருக்கட்டும்.

மாமரம் பூத்துவிட்டது. யோசப்பின் பழைய வேலைக்கு விண்ணப்பம் எழுதி மேசையில் வைத்திருக்கிறாள். பங்குனி முடிவதற்குள் பதில் இல்லையென்றால் தபாலில் போடுவாள். நான் மறிக்கமாட்டேன்.

உதயகலா


எசன்,
12.3.2025

மச்சாள்,

முதலில் நல்ல செய்தி. அனுமதி கிடைக்கும். யோசப்பினை விண்ணப்பத்தைப் போடவேண்டாம் என்று சொல்லும்.

உம்முடைய கடிதத்தை ஜேர்மன் மொழியில் எழுதி, அவர்களுடைய கேள்விகளுக்குரிய பதிலோடு சேர்த்து அனுப்பினேன். கேட்காமல் செய்தது பிழைதான், கோபிக்கவேண்டாம். எனக்கு விழுந்த ஏச்சையும் வெட்டவில்லை. பத்து நாளில் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா தொலைபேசி எடுத்தா. அவ டிறெஸ்டனில் பிறந்தவவாம். அவ பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த ஊர் மதிலுக்கு அந்தப் பக்கம், பழைய பட்டியலால் மறிக்கப்பட்ட பக்கம். நெடுநேரம் கதைத்தோம், மெசினைப் பற்றி இல்லை. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தால் மணக்காதா என்று கேட்டா. மணக்கும், மாடு உடுப்பைச் சப்பும் என்றேன். தன் அப்பா உடுப்புத் தோய்க்கும் மெசினின் மோட்டரைக் கழற்றிப் புல்லு வெட்டுகிற மெசின் செய்தார் என்று சொல்லிச் சிரித்தா. பிறகு உத்தியோகக் குரலில், கோழிக் கிருமியை மட்டும் வெட்டிவிடச் சொல்லும், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றா.

ஒரு நிபந்தனை இருக்கிறது. மெசின் வந்து ஒரு வருஷத்துக்குள் எங்கள் கம்பனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து, சொன்ன வேலைக்குத்தான் அதைப் பாவிக்கிறீர்களா என்று பார்க்கவேண்டும். அதற்கு நீர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். வருகிறவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

உமக்கு நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 2003இல், சமாதான காலத்தில், மாமாவும் அம்மாவும் எங்கள் இருவருக்கும் கலியாணம் பேசினபோது என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். 'இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும்' என்று அதில் அச்சடித்திருந்தது. உலகம் முழுக்கப் போகலாம், புத்தூருக்கு மட்டும் வரமுடியாது. நானும் பட்டியலில் இருந்த சாமான்தான். குடியுரிமை கிடைத்தபோது அங்கே திரும்பவும் சண்டை. சண்டை முடிந்தபோது என்ன முகத்தோடு வருவதென்று இருந்துவிட்டேன். ஒற்றை ஆளாக இருந்தபடியே வயசும் போய்விட்டது.

சம்மதமென்றால் கையெழுத்திடும்.

சுதாகரன்


புத்தூர்,
3.4.2025

மச்சான்,

கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கோழிக் கிருமியை வெட்டிவிட்டேன். அடைக்கலநாதன் டொக்டர் ஒரு கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, மாடுதான் பாவம். யோசப்பின் விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். மரத்தில் காய் பிடித்துவிட்டது, கெதியாக அனுப்பும்.

2003ஐப் பற்றி நீர் எழுதியதற்குப் பதிலை மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். எங்களுக்கு வந்த செய்தி 'அவனுக்கு வசதிப்படேல்லையாம்' என்பது மட்டும்தான். அந்த வசதி என்ற சொல்லோடுதான் நான் இவ்வளவு காலமும் ஒருவரையும் கட்டாமல் கோபமாக இருந்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் மச்சான். நான் வாசிக்கத் தெரிந்தவள்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், தண்ணீரை நிறுத்தவுமில்லை. "உவனை வரச்சொல்லு. மாமன் வீட்டுக்கு வாறதுக்கு உவனுக்கு என்ன நிபந்தனை?" என்றார்.

விறாந்தைக்குப் பெயின்ற் அடித்தோம். உமக்காக இல்லை, மெசினுக்காக. மெசின் பார்க்க உமக்கு ஒரு மணித்தியாலம் போதும், மிச்ச நாளில் என்ன செய்வீர் என்று தெரியவில்லை. கீரிமலைக் கேணியில் போய்க் குளிக்கலாம். உமக்கு இப்போதும் நீந்தத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வைபரில் தடுப்பை எடுக்கவில்லை. எழுதுவது எனக்குப் பிடித்துவிட்டது.

உதயகலா


எசன்,
25.4.2025

மச்சாள்,

மெசின் போன கிழமை ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்டுவிட்டது. செங்கடல் பக்கம் பிரச்சினை என்பதால் கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வரும். முதல் பழங்களுக்குப் பிந்திவிடும், கடைசிப் பழங்களுக்கு வந்துசேரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். டிறெஸ்டன் அம்மா திரும்பத் தொலைபேசி எடுத்தா. மாம்பழத்துக்கு நீராவி எதற்கு, குழாயை வெட்டி ஒட்டிவிட்டால் மெசின் பட்டியலிலேயே விழாதே என்றா. வெட்டினோம், படம் எடுத்து அனுப்பினோம். இந்தப் பொருளுக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு கடிதம் வந்தது. இதை ஒக்டோபரிலேயே செய்திருக்கலாமே என்று நீர் கேட்பீர். செய்திருக்கலாம். நாங்கள் எல்லோரும் சட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் குழாயைப் பார்க்கவில்லை. ஏசவேண்டுமென்றால் இந்தப் பந்திக்கு ஏசும், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அனுமதி இல்லையென்றால் நிபந்தனையும் இல்லை. நேரில் பார்க்கத் தேவையில்லை என்று மனேச்சர் என் பயணத்தை வெட்டிவிட்டார். நீர் கையெழுத்திட்ட தாள் என் மேசையில் கிடக்கிறது. இனி அதற்கு வேலையில்லை. விறாந்தைப் பெயின்றை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இனி என்ன காரணம் சொல்லி வருவதென்று எனக்குத் தெரியவில்லை.

சுதாகரன்


புத்தூர்,
29.6.2025

மச்சான்,

மெசின் வந்துவிட்டது. குளிர்ப்பெட்டியா அடுப்பா, எந்த வகையில் போட்டுத் தீர்வை கட்டுவது என்று சுங்க வேலை பார்க்கும் எங்கள் கிளியறிங் ஏஜென்ட் தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில் இரண்டும்தான் என்று எழுதினார். லொறியிலிருந்து இறக்க அடைக்கலநாதன் டொக்டரும் வந்து தோள் கொடுத்தார், கோபம் ஆறிவிட்டது. முன்பழமெல்லாம் போய்விட்டது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை, எழுதினால் குழாய்ப் பந்திக்கு ஏசவேண்டி வரும். பின்பழம் நின்ற மரங்களைத் தேடிப் புத்தூர் முழுக்க நானும் யோசப்பினும் சைக்கிளில் திரிந்தோம்.

முதல் தட்டைத் திறந்தபோது யோசப்பின் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மொறுமொறு என்று இருக்கிறது மச்சான், வாயில் வைத்தவுடன் பழமாகிவிடுகிறது. ஐயா, பல்லில்லாதவனுக்குக் கடவுள் தந்த மாம்பழம் என்று சொல்லி ஒரு தட்டையே முடித்துவிட்டார். ஏற்றுமதிக்காரர் வந்து பார்த்து, இருக்கிறது எல்லாவற்றையும் எடுக்கிறேன், அடுத்த வருஷமும் எனக்குத்தான் என்று சொல்லிப் போயிருக்கிறார். சந்தோசம். ஊருக்குக் கேட்கச் சொல்லவேண்டும் போல இருக்கிறது.

இனி உம்முடைய கடிதத்துக்குப் பதில். பயணம் இல்லை என்ற வரியை வாசித்துவிட்டு நான் இரண்டு நாள் என் சோற்றை மாட்டுக்கு வைத்தேன். மாம்பழக் கவலை என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். 2003இல் ஒரு சட்டம் உம்மை மறித்தது, சரி. இந்தப் பங்குனியில் இன்னொரு சட்டம் உம்மை வரச்சொன்னது, உடனே பெயரைப் போட்டீர். சித்திரையில் அந்தச் சட்டம் விலகியது, நீரும் விலகிவிட்டீர். சட்டம் மாறும் மச்சான். எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த அளவு அது வேறு யாருக்கும் தெரியாது. மூடுவார்கள், திறப்பார்கள், திரும்ப மூடுவார்கள். இப்போது எந்த நாட்டுப் பட்டியலிலும் நீர் இல்லை, உம்மை மறிக்க ஒருவரும் இல்லை.

காரணம் என்ன சொல்வதென்று கேட்டிருந்தீர். மனேச்சருக்கு லீவு என்று சொல்லும். மாமிக்கு உண்மையைச் சொல்லும், அவ அழுவா, அழட்டும். எனக்கு ஒரு காரணமும் வேண்டாம். மெசினைப் பார்க்க ஆள் தேவையில்லை, அது நன்றாக ஓடுகிறது. என்னைப் பார்க்க வாரும்.

உதயகலா